தரைவீட்டுக் கார் போர்ச்சில் லேசர் படகை வைக்க இடம் போதுமா?

கேள்வி: செராங்கூன்வாசி

வணக்கம். சென்ற மாதம் பழைய லேசர் வகைப் பாய்மரப் படகு ஒன்றை ட்ரெய்லரோடு சேர்த்து வாங்கினேன். 2019 முதல் இவ்வகைப் படகுகள் ஐஎல்சிஏ என்ற பெயரில் வருகின்றன. என்னுடையது அதற்கு முந்தையது. மாதத்திற்கு இருமுறை ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் கொண்டுபோக எண்ணம்.

எங்களுடையது வரிசையின் நடுவில் உள்ள தரைவீடு. போர்ச்சின் அகலம் 5.8 மீட்டர், ஆழம் 5.4 மீட்டர். படகின் நீளம் ஏறத்தாழ 4.2 மீட்டர், அகலம் 1.4 மீட்டர் என்பதால் காருக்குப் பக்கத்தில் தாராளமாக நிற்கும் என்று நம்பித்தான் வாங்கினேன். ஆனால் ட்ரெய்லரின் இழுவைக் கொக்கியிலிருந்து பின்விளக்கு வரை 5.1 மீட்டர் வருகிறது. எங்கள் கேட்டின் கதவுகளோ உட்பக்கமாகத் திறப்பவை. ட்ரெய்லரை உள்ளே தள்ளிவிட்டால் ஒரு கதவு மூடுவதே இல்லை. மல்லிகைத் தொட்டிகளையும் காலணி அலமாரியையும் நகர்த்தக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு. படகை மேற்கூரையில் கப்பி போட்டுத் தூக்கி வைப்பது நல்லதா? கூரையின் பாதி கான்கிரீட், மீதி பாலிகார்பனேட் தகடு.

பதில் 1: சாங்கிக்கரை

ஐயா, படகும் ட்ரெய்லரும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் இடம் போதவில்லை. கடலில் இறக்கப் பயன்படும் கைவண்டி ஒன்று உங்களிடம் இருக்கிறதா? சாலையில் இழுக்கும் ட்ரெய்லர் வேறு, மணலில் கையால் தள்ளும் அந்த இலகுவான வண்டி வேறு. படகைக் கைவண்டியில் வைத்தால் நீளம் படகளவிலேயே நின்றுவிடும்; வெறும் ட்ரெய்லரைப் பக்கவாட்டில் நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து, சங்கிலியால் கட்டிவிடலாம். தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும் என்பதால் கைவண்டிச் சக்கரத்திற்கு மரக்கட்டை அடைகொடுக்க மறவாதீர்கள்.

கைவண்டி இருந்தால் இன்னொரு தொல்லையும் தீரும். சாலையில் ஓடிச் சூடேறிய சக்கரக் குடத்தைக் கடல்நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, உப்புநீரைப் பேரிங்குக்குள் இழுத்துக்கொள்ளும். பேரிங் இறுகி நடுச்சாலையில் நிற்பதெல்லாம் பெரும்பாலும் இப்படித் தொடங்குவதுதான். ட்ரெய்லர் தண்ணீரைத் தொடவே கூடாது. அதன் டயர்களையும் பாருங்கள்: பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மாதத்திற்கு இருமுறை மட்டும் ஓடும் டயர் தேய்வதற்கு முன்னரே வெடிப்பு விட்டுவிடும். ட்ரெய்லருக்கெனத் தனிப் பதிவும் சாலை வரியும் உண்டு. அவை உங்கள் பெயருக்கு மாறிவிட்டனவா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படகை எதன்மேல் தாங்கவைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கண்ணாடியிழை உடல், அடிப்பக்கத்தில் ஒரே புள்ளியில் மாதக்கணக்கில் அழுத்தப்பட்டால் அங்கே குழி விழும். விளிம்புகள் வார்ப்பட்டையிலோ கம்பளம் சுற்றிய கட்டையிலோ பரவலாகத் தாங்கியிருக்க வேண்டும். ட்ரெய்லரின் கட்டுப்பட்டையை இறுக்கியபடியே விட்டுவைக்காதீர்கள். பாயை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்தி, மடிக்காமல் உருளையாகச் சுருட்டி வீட்டுக்குள் வையுங்கள். பாய்மரத்தின் இரண்டு துண்டுகளையும் கழற்றியே வைக்க வேண்டும். உப்பு ஏறிய அலுமினியம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டால், பிறகு இரண்டு பேர் இழுத்தாலும் வராது.

பதில் 2: பாசிர் ரிஸ் அக்கா

இடத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் படகின்மேல் தார்ப்பாய் கட்டி, அணியம், அதாவது படகின் முன்முனை, தாழ்ந்திருப்பதைக் கவனிக்காமல் மூன்று வாரம் வெளியூர் போய்விட்டேன். தார்ப்பாய் தொய்ந்து, நடுவில் ஒரு வாளித் தண்ணீர். அது கண்ணுக்குத் தெரிந்ததால் கொட்டிவிட்டேன். ஆனால் பாய்மரத்தைச் செருகும் குழி இருக்கிறதே, முழங்கை ஆழத்திற்கு இருட்டாக, அதை யார் எட்டிப் பார்ப்பது? வீட்டில் கொசு வளர்கிறதா என்று சோதிக்க வந்த அதிகாரி கைவிளக்கு அடித்துப் பார்த்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம் போதும் என்பதும், காய்ந்துபோன முட்டைகூட மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும் என்பதும் நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்தவைதான். தெரிந்திருந்தும் என் வீட்டிலேயே வளர்த்திருக்கிறேன் என்பதில் எனக்கு இன்றும் வெட்கம்.

இப்போது என் படகு கவிழ்த்த நிலையில், விளிம்புகள் மெத்தை கட்டிய முக்காலிகளின்மேல் இருக்கின்றன. குழியிலும் பள்ளத்திலும் நீர் நிற்க வழியே இல்லை. கவிழ்க்க இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான். கவிழ்க்க முடியாவிட்டால் அணியத்தை உயர்த்தி வைத்து, பின்பக்க வடிகால் மூடியைக் கழற்றிவிட்டு, குழியின் வாயை ஒரு மூடியால் அடைத்துவிடுங்கள். வடிகால் மூடி திறந்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வெயிலில் சூடேறும் உள்காற்று வெளியேற வழியில்லாமல் விரிந்தால், மேல்தட்டும் அடிப்பாகமும் சேரும் ஒட்டுப்பகுதி பாதிக்கப்படும்.

பதில் 3: பழைய கயிறு

கப்பி யோசனையைக் கைவிடச் சொல்வேன். வெறும் படகே சுமார் 59 கிலோ. பாலிகார்பனேட் தகட்டைத் தாங்கும் சட்டகம் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. கான்கிரீட் உத்தரத்தில் முறையாகக் கொக்கி பதித்தால் தாங்கும் என்பது உண்மைதான். நானே இரண்டு ஆண்டுகள் அப்படி வைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் இறக்க ஓர் ஆள் தேட வேண்டியிருந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடலுக்குப் போவதற்குப் பதிலாகப் படகைத் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

கேள்வி கேட்டவர்: செராங்கூன்வாசி

அனைவருக்கும் நன்றி. கைவண்டி ட்ரெய்லரோடே வந்திருக்கிறது. அதை ட்ரெய்லரின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன்! பிரித்து வைத்ததில் கேட் மூடுகிறது, மல்லிகையும் தப்பியது.

ஆனால் அக்கா சொன்ன குழி என்னைத் தூங்கவிடவில்லை. அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. பிறகு வீட்டுத் தராசுகள் இரண்டை முன்னும் பின்னும் வைத்து எடை பார்த்தால் கூட்டுத்தொகை 65 கிலோவைத் தாண்டுகிறது. இது உட்புறம் ஈரம் தேங்கியதால்தானா?

பதில் 4: சாங்கிக்கரை

பெரும்பாலும் அதுதான். குழியின் அடிப்பகுதி விரிசல் விட்டுப் படகின் வயிற்றுக்குள் நீர் கசிகிறது. உள்ளே இருக்கும் நுரைக்கட்டைகள் அதை உறிஞ்சி வைத்திருக்கும். முதலில் அணியத்தை நன்றாக உயர்த்தி வடிகால் வழியாக வெளியேறுவதையெல்லாம் வெளியேறவிடுங்கள். மேல்தட்டில் வட்ட மூடி இருந்தால் கழற்றி, சிறு மின்விசிறியை அதன் வாயில் வைத்துச் சில வாரங்கள் ஓடவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் தானாக உலரும் என்று காத்திருப்பது வீண். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குறைவது நின்றபிறகு குழியின் அடியைச் சுரண்டிச் சுத்தம்செய்து எப்பாக்ஸி பூசி, மறுபடியும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அதுவரை பாய்மரத்தை அதில் நிறுத்தாதீர்கள். காற்று வாங்கிய பாயின் இழுவை முழுவதும் அந்தக் குழியின்மேல்தான் விழும்.