ஹேமக்கில் முதுகு விறைக்கிறது, கால் நனைகிறது

கொடைக்கானல் பூம்பாறைக்கு மேலே, நண்பரின் பூண்டுத் தோட்டத்து ஓரம் போன வாரம் இரண்டு இரவு ஹேமக்கில் (மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு தூளி) தூங்கப் பார்த்தேன். முடியவில்லை. கொசுவலை வைத்துத் தைத்த நைலான் ஹேமக், மேலே 3 மீட்டர் சதுரத் தார்ப்பாய், மூலைவாட்டில் கட்டியது. இரவில் 8 டிகிரி, விடாத தூறல்.

மழை நேராக விழும்வரை பிரச்சினை இல்லை. காற்று திரும்பியதும் கால் பக்கம் சாரல் அடித்து ஸ்லீப்பிங் பேக்கின் நுனி ஊறிவிட்டது. அதைவிடக் கொடுமை முதுகு. பேக்கின் அடிப்பஞ்சு உடம்பு எடையில் அப்பளமாக அமுங்கிவிடுகிறது, கீழே ஓடும் காற்று அப்படியே எலும்பில் ஏறுகிறது.

தார்ப்பாயைத் தாழ்த்திக் கட்டினேன். சாரல் குறைந்தது, ஆனால் உள்பக்கம் வியர்த்து மூக்கில் சொட்டியது. ஃபோம் மேட் விரித்தேன். நள்ளிரவில் நழுவி முழங்காலுக்குக் கீழே சுருண்டு கிடந்தது. தொங்கும் பட்டையில் வழிந்து வந்த தண்ணீர் கீழே சொட்டிவிட, பட்டையில் ஒரு பருத்திக் கயிற்றை முடிந்துவிட்டேன். அது ஒன்றுதான் பலித்தது.

அடுத்த மாதம் மறுபடி போகிறேன், பட்ஜெட் 4,000 ரூபாய். ஹேமக்குக்கு அடியில் தொங்கவிடும் அண்டர்குயில்ட் என்ற மெத்துப் போர்வை, இரண்டு முனையும் கதவு போல மூடும் பெரிய தார்ப்பாய்: இதில் எதை முதலில் வாங்கட்டும்?