மறு: சைக்கிளுக்கு மோட்டார் கட்டறதுக்கு ஒரு சொல் - "மின்"ன விட்டுட்டு "விசை"ய எடுத்துக்கலாமுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க,

நம்ம மடற்குழுவுல இந்த பேச்சு ஆரம்பிச்சு மடல் மேல மடலா போய்ட்டு இருக்கு, சாதா சைக்கிள கரண்டு சைக்கிளா மாத்தறதுக்கு என்ன பேருன்னு இன்னும் முடிவாகல. நான் தமிழ் படிச்ச ஆளெல்லாம் இல்லைங்க, குமாரபாளையத்துல தறிப்பட்டறை வச்சிருக்கேன், போன வருசம் வீட்ல சும்மா கெடந்த சைக்கிள் ஒண்ணுக்கு மோட்டார் கட்டி இன்னைக்கு வரைக்கும் அதுலதான் பட்டறைக்கு போய்ட்டு வரேன். அந்த அனுபவத்த வச்சு சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க.

> "மின்மாற்று மிதிவண்டி" என்று வைக்கலாமே, எளிமையாக இருக்கிறது

எளிமைதான், ஆனா எங்க தெருமுனையில கம்பத்து மேல உக்காந்து உர்ருன்னு உறுமிட்டு இருக்கே, அதுக்கு பேரு மின்மாற்றி. பத்தாங்கிளாஸ் பையன் இந்த பேர கேட்டான்னா கேரியர்ல டிரான்ஸ்பார்மர் வச்ச சைக்கிள்னுதான் நெனைப்பான். இதே கதிதான் "மின்னேற்றிய மிதிவண்டி"க்கும், மின்னேற்றம்னா சார்ஜ் போடறது, அப்ப நைட்டு பிளக்குல மாட்டி வச்சிருந்து காலையில எடுத்தாதான் அது மின்னேற்றிய சைக்கிள், சாயங்காலம் பேட்டரி தீந்துட்டா பேரு போயிருமா? "மின்னூட்டிய"ன்னாலும் அதே பிரச்சனை, பாடப்புத்தகத்துல மின்னூட்டம்ன்னா எலக்ட்ரான் மேல இருக்கற சமாச்சாரம். "மின்னாக்க மிதிவண்டி"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, அது நம்ம தாத்தா காலத்துலயே இருக்குங்க, பின் டயர்ல உரசிட்டு வருமே டைனமோ, அதுதான் மின்ன ஆக்கற சைக்கிள், நாம கட்டறது மின்ன திங்கற சைக்கிள்.

"மின்மயமாக்கல்" நல்ல சொல்லுதான், ஆனா அது ரயில்வே லைனுக்குதான் பொருந்தும். "என் சைக்கிள மின்மயமாக்கிட்டேன்"னு டீக்கடையில சொன்னா மந்திரி எப்ப வந்து கொடி அசைச்சாருன்னு கேப்பாங்க.

ஈ-பைக்னே விட்டுரலாம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு, நம்ம ஊருல பைக்னா பெட்ரோல் போடற வண்டி. இங்கிலீஷ்காரன் சைக்கிளயும் பைக்ம்பான், நாம சொல்றதில்ல. நான் வீட்ல "ஈ-பைக் பண்ணப் போறேன்"னு சொன்னப்ப சம்சாரம் லோன் எவ்வளவுன்னுதான் மொதல்ல கேட்டுச்சு.

யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன "மின்னுந்துருளி" கேக்கவே அழகா இருந்துச்சுங்க. ஆனா அக்கா, உங்க பக்கம் உந்துருளின்னா மோட்டர் சைக்கிள்தானே, அதுக்கு முன்னால மின் சேத்தா கரண்டு மோட்டர் சைக்கிள்னு ஆயிருது. அந்த சொல்ல அதுக்கே பத்திரமா வச்சுக்கலாம், அதுவும் இப்ப ரோடெல்லாம் ஓடுதே.

சரி, எல்லாத்தையும் கொறை சொல்றியே உன்னோடது எங்கன்னு கேப்பீங்க. நான் மொதல்ல நெனைச்சது "மின்கட்டு". ஏன்னா பட்டறையில புழங்கற வினைச்சொல் "கட்டறது"தான், லாரிக்கு பாடி கட்டறாங்க, சைக்கிளுக்கு வீல் கட்டறாங்க, ஸ்போக்ஸ் கட்டறாங்க, யாரும் "பொருத்துதல்"னு சொல்றதில்ல. ரொம்ப பெருமையா வீட்ல "மின்கட்டு சைக்கிள், எப்படி இருக்கு"ன்னு கேட்டேன். "கரண்டு கட்டா, எத்தன மணிக்கு?"ன்னு பதில் வந்துச்சு. அதோட போச்சு. அப்புறம் "ஒட்டு"ன்னு ஒண்ணு யோசிச்சேன், ஒட்டுமாங்கன்னு மாதிரி ஒரு மரத்துல இன்னொரு மரத்த சேக்கறது, கருத்து கச்சிதமா பொருந்துச்சு, ஆனா சைக்கிள் கடையில "ஒட்டு"ன்னா பஞ்சர்.

ஒருநாள் பட்டறையில பாவு ஏத்திட்டு இருந்தப்பதான் மண்டையில அடிச்ச மாதிரி தோணுச்சு, வாழ்நாள் பூரா நான் புழங்கற சொல்லே இதுக்கு பதில் வச்சிருக்கு. கைத்தறி, விசைத்தறி. எங்கப்பா கையால நெஞ்சாரு, அப்புறம் மோட்டார்ல ஓடற தறிக்கு மாறினாரு, ஊரே மாறுச்சு, அப்ப யாரும் "மின்தறி"ங்கல, விசைத்தறின்னாங்க. கடலோரத்துல பாருங்க, நாட்டுப்படகு, விசைப்படகு, அது டீசல்ல ஓடுது. தோட்டத்துக்கு மருந்தடிக்க கைத்தெளிப்பான், விசைத்தெளிப்பான். அதாவது மனுசன் கையாலயோ காலாலயோ பண்ணிட்டு இருந்த வேலைக்கு மோட்டார் வந்து சேந்தா தமிழ்ல அதுக்கு முன்னால "விசை" போடறது வழக்கம், எரிபொருள் என்னங்கறத பத்தி கவலைப்படறதே இல்ல. சைக்கிள் கதையும் அதேதானே, காலால மிதிச்சத மோட்டார் மிதிக்குது. அதனால விசைச்சைக்கிள், கொஞ்சம் தமிழா வேணும்னா விசைமிதிவண்டி.

> விசை என்றால் இயற்பியலில் வேறு பொருள், நியூட்டன் கணக்கில் அளப்பது. நீங்கள் சொல்லும் பொருளுக்குத் திறன் என்பதே சரி.

நம்ம குழு வாத்தியாரையா இதத்தான் சொல்வாருன்னு தெரியும், நேத்து தனிமடல்ல நான் இந்த சொல்ல கோடி காட்டினப்பவே இப்படித்தான் எழுதியிருந்தாரு. ஐயா, புத்தகப்படி நீங்க சொல்றது சரிதான், விசை வேற திறன் வேற, இலங்கையில அதையே வலும்பாங்க. ஆனா அந்த கணக்குப்படி பாத்தா பவர்லூம் திறன்தறின்னு ஆகியிருக்கணும், ஆகலியே. கீபோர்டுக்கு விசைப்பலகைன்னு பேரு வச்சோம், அதுல எந்த நியூட்டன் இருக்கு? ஒரு சொல் ரெண்டு மூணு எடத்துல வேல செய்யறது தமிழுக்கு புதுசு இல்லீங்க. மின்மாற்றி மாதிரி பக்கத்து வீட்டு சொல்லோட மோதிக்கறதுதான் தப்பு, "விசைச்சைக்கிள்" எதோடயும் மோதல.

இன்னொரு லாபமும் இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. கரண்டு சைக்கிள்ல ரெண்டு சாதி இருக்குங்க. ஒண்ணு ஆக்சிலேட்டர் முறுக்கினா போறது, மிதிக்கவே வேண்டாம். இன்னொண்ணு நாம மிதிச்சாதான் மோட்டாரும் கூட சேந்து தள்ளும், கால நிறுத்தினா அதுவும் நிக்கும், ஜப்பான்ல யமஹா 1993-லயே இந்த மாதிரி ஒண்ண வித்தாங்க. ஜெர்மன்காரங்க இதுக்குன்னே பெடலெக்னு ஒரு பேரு வச்சு புழங்கறாங்க, பெடலயும் எலக்ட்ரிக்கயும் சேத்து கட்டின சொல்லு. நம்ம கிட்ட அதுக்கு சொல்லே இல்ல. விசையோட மிதிய சேத்தா விசைமிதி, வேலை முடிஞ்சுது. "இது விசைமிதியா, இல்ல முறுக்கற வண்டியா"ன்னு கடையிலயே கேக்கலாம்.

இந்த பிரிவினை சும்மா அழகுக்கு இல்ல. நம்ம நாட்டு மோட்டார் வாகன விதிகள், 1989-ல வந்தது, அதுல பேட்டரி வண்டி மோட்டாரோட முப்பது நிமிச திறன் (தொடர்ந்து அரை மணி நேரம் குடுக்கற திறன்) 250 வாட்டுக்கு கீழயும் வேகம் 25 கிலோமீட்டருக்கு கீழயும் இருந்தா அது மோட்டார் வாகனமே இல்லங்கற கணக்கு, நம்பர் பிளேட்டு லைசன்ஸ் எதுவும் வேண்டாம். மிதிச்சு ஓட்டறதுக்கு தனியா ஒரு வரி இருக்கு, வேகம் ஏற ஏற மோட்டார் கொறைஞ்சுட்டே வந்து 25-ல நின்னுரணும், அதுக்கு முன்னாலயே மிதிக்கறத நிறுத்தினாலும் நின்னுரணும். ஆன்லைன்ல 1000 வாட்டு, 1500 வாட்டுன்னு கிட்டு விக்கறாங்க, அத கட்டிட்டு நாளைக்கு போலீஸ்கார் கிட்ட "இது சைக்கிள்தாங்க"ன்னு சொல்ல முடியாது.

கிட்டுக்கு என்ன சொல்றது? "மாற்றுப்பொதி", "தொகுப்பு"ன்னெல்லாம் வந்துச்சு. பம்புசெட்டுன்னு ஒரு சொல் நம்ம காட்டுல மேட்டுல எல்லா பாட்டிக்கும் தெரியும். மோட்டாரு, குழாய், ஸ்டார்ட்டர் எல்லாம் சேந்த ஒரு மொத்தம் அது. அதே மாதிரி விசைச்செட்டு. அதுக்குள்ள மோட்டார் வச்ச வீலு, பேட்டரி, மோட்டாருக்கு கரண்ட அளந்து விடற கன்ட்ரோலர், ஆக்சிலேட்டர் கைப்பிடி, மிதிக்கறத பாத்து சொல்ற காந்தவட்டு, பிரேக் புடிச்சா மோட்டார நிறுத்தற லீவரு. வினைச்சொல் "கட்டறது"தான், "சைக்கிளுக்கு விசை கட்டியாச்சு", "விசை கட்ட எவ்வளவு ஆகும்"னு பேசலாம். "கன்வர்ஷன்"ங்கற சொல்லே தேவைப்படல பாருங்க.

இனி ஹப் மோட்டார், அதாவது வீலு நடுவுலயே வச்சு கட்டற மோட்டார். இதுக்கு "மையமோட்டார்"னு ஒரு மடல்ல இருந்துச்சு, அது ஆகாதுங்க, பெடல் பக்கத்துல நடுவுல கட்டற மோட்டார் வேற ஒண்ணு இருக்கு, குழப்பிரும். எனக்கு இந்த சொல் எப்படி கெடைச்சுதுன்னு கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

நான் மொதல்ல விசை கட்ட நெனைச்சது எங்கப்பாவோட பெரிய சைக்கிளுக்கு, 28 இன்ச் வீலு, கம்பி பிரேக்கு. செட்ட தூக்கிட்டு சைக்கிள் கடைக்கு போனா, கடைக்காரர் ரிம்ம கையில சுத்தி ஸ்போக்ஸ் ஓட்டைய ஒண்ணு ஒண்ணா வெரல் வச்சு எண்ணினாரு, முன் வீலு 32, பின் வீலு 40. மோட்டார்ல ஸ்போக்ஸ் மாட்டற ஓட்டைய எண்ணினாரு, 36. "முன்னாலயும் சேராது பின்னாலயும் சேராது, ரெண்டுக்கும் நடுவுல நிக்குதுங்க"ன்னு சிரிச்சாரு. அந்த பெரிய சைக்கிள் எல்லாமே அந்த 32-40 கணக்குல வந்ததுங்கறது எனக்கு அன்னைக்குதான் தெரியும். அப்புறம் பையன் ஓட்டாம போட்டிருந்த 26 இன்ச் சைக்கிள எடுத்துட்டு வந்து, புதுசா 36 ஓட்டை ரிம்மு வாங்கி, முன் வீலா கட்ட சொன்னேன். அவரு ஸ்போக்ஸ் கோத்துட்டு இருக்கறப்ப பக்கத்து திண்ணையில உக்காந்திருந்த பெரியவர், முன்னால மாட்டு வண்டி செஞ்ச ஆசாரி, எட்டிப் பாத்துட்டு கேட்டாரு, "என்னப்பா இது, குடம் இவ்வளவு பெருசா இருக்கு?"

அச்சு, குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி. மாட்டு வண்டி சக்கரத்துக்கு ஒவ்வொரு உறுப்புக்கும் பேரு இருக்கு, ஸ்போக்ஸுக்கு ஆரக்கால்னு எல்லாருக்கும் தெரியும், ஆரக்கால் எல்லாம் வந்து சொருகற நடுக்கட்டைக்கு பேரு குடம். அதுதானே ஹப்பு! அந்த குடத்துக்குள்ளதான் மோட்டார் ஒளிஞ்சிருக்கு. குடமோட்டார். புதுசா உண்டாக்க வேண்டியதே இல்ல, தூசி தட்டினா போதும். உள்ள பல்சக்கரம் வச்சது பல்குடம், வைக்காதது வெறுங்குடம்னு கூட விளையாடலாம், அது உங்க இஷ்டம்.

ஒரே ஒரு சொல் எனக்கு அவசரமா வேணும், ஏன்னா அதுக்கு பேரு இல்லாததாலதான் நான் மாட்டினேன். குடமோட்டார் சுத்தறப்ப வீலு முன்னால போகணும்னா அச்சு பின்னால திரும்பப் பாக்கும். சாதா சைக்கிள்ல அச்சு சும்மா வீல தாங்கினா போதும், இதுல அச்சுதான் மொத்த முறுக்கையும் வாங்குது. அது திரும்பாம இருக்க ஒரு இரும்புத் தகட்ட அச்சுல மாட்டி, வீல புடிச்சிருக்கற ஃபோர்க்கோட சேத்து கிளாம்ப் போடணும். டார்க் ஆர்ம்ம்பாங்க. செட்டு பெட்டியில பேர் எழுதாம ஒரு தகடு கெடந்துச்சு, ஸ்டாண்டோ என்னமோன்னு நானும் தூக்கி போட்டுட்டேன். ரெண்டாவது வாரம் பவானிக்கு போற பாலத்து ஏத்தத்துல ஒரு முறுக்கு முறுக்கினேன், கடக்குனு ஒரு சத்தம், அச்சு ஃபோர்க்கு வாயில திரும்பிருச்சு, அச்சு நுனியில வர்ற வயரு, தடிசா மூணு, மெல்லுசா அஞ்சு, அத்தனையும் அச்சோட சுருட்டிகிட்டு பிஞ்சு போச்சு. நல்லவேளை வேகம் இல்ல, வீலு கழண்டு விழல. மிச்ச தூரம் தள்ளிட்டு வந்தேன், மோட்டாரும் பேட்டரியும் சேந்து எத்தன கிலோன்னு தள்றப்பதான் தெரியும்.

இதுக்கு "முறுக்குவிசைக் கை"ன்னு ஒருத்தர் மொழிபெயர்த்திருந்தாரு. அத பெட்டியில படிச்சிருந்தாலும் நான் தூக்கிதான் போட்டிருப்பேன், அது என்ன பண்ணுதுன்னு பேருல இல்ல. அச்சுப்பூட்டுன்னு போட்டிருந்தா எந்த மரமண்டைக்கும் புரிஞ்சிருக்கும், அச்ச பூட்டணும், பூட்டாம ஓட்டக்கூடாது.

பேட்டரி, கன்ட்ரோலர், வயரு, சார்ஜர் எல்லாம் அப்படியே இருக்கட்டுமுங்க, மின்கல அடுக்குன்னு பாடத்துல எழுதறவங்க எழுதட்டும், கடையில யாரும் கேக்கப் போறதில்ல. என்னோட பேட்டரி 36 வோல்ட் 10 ஆம்பியர் அவர், அதாவது 360 வாட் அவர், முழு சார்ஜுக்கு அரை யூனிட்டுக்கும் கம்மியான கரண்டு, கூடவே மிதிச்சா ஒரு முப்பது கிலோமீட்டர் சாதாரணமா வருது, மிதிக்காம முறுக்கிட்டே போனா அதுல நல்லாவே கொறையுது. அந்த காந்தவட்ட மாட்டறதுக்கு பெடல் தண்ட அச்சோட புடிச்சு வைக்கற காட்டர் பின்ன சுத்தியல்ல தட்டி எடுக்கறதுக்குள்ள கடைக்காரர் பட்ட பாடு தனி மடலுக்கு ஆகும்.

கடைசியா ஒரு சந்தேகம், இலக்கணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. விசைச்சைக்கிள், விசைச்செட்டு, நடுவுல அந்த "ச்" கட்டாயமா? நான் எழுதறப்ப போட்டுட்டேன், ஆனா நேத்து கடைக்காரர் கிட்ட சொன்னப்ப "விசசெட்டு"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு, அடுத்த ஆளுக்கு வெல சொல்லப் போயிட்டாரு.