ட்வீட் நீதிமன்றத்தின் பின்கட்டு: ஐட்லிட்ஸ் கெடுத்தாரா, காப்பாற்றினாரா?

கல்லுளி:
நியூயார்க் சேம்பர்ஸ் தெருவில் இருக்கிறதே பழைய கவுன்டி நீதிமன்றம், நகரப் பணத்தைச் சுருட்டிய அரசியல்வாதி ட்வீட்டின் பெயரால் ட்வீட் நீதிமன்றம் என்பார்களே, அதன் முன்பக்கத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 1861இல் கட்டடக் கலைஞர் ஜான் கெல்லம் தொடங்கியது. பளிங்கு, உச்சியில் இலை வேலைப்பாடுள்ள கொரிந்தியத் தூண்கள், முக்கோண முகப்பு, அகலமான படிகள், எல்லாம் ஓர் ஒழுங்கில் இருக்கும். அப்புறம் சிட்டி ஹால் பக்கம் சுற்றி வந்தால் இடைக்கால ஐரோப்பாவின் ரோமானஸ்க் பாணி அரைவட்ட வளைவுகளோடு வேறொரு கட்டடம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 1876க்குப் பிறகு லியோபோல்ட் ஐட்லிட்ஸ் என்ற இன்னொரு கட்டடக் கலைஞர் சேர்த்தது. பாதியில் நின்ற வேலையை முடிக்க வருபவர் முதலில் வரைந்தவரை மதிக்க வேண்டாமா?

செங்கல்சூளை:
எதை மதிப்பது நண்பரே? 2,50,000 டாலரில் முடிய வேண்டியது ஒரு கோடியைத் தாண்டியது, 1867இல் அலாஸ்காவையே 72 லட்சத்துக்கு வாங்கிய நாடு அது! பூச்சு வேலைக்கு இரண்டு நாளைக்கு மட்டும் 1,33,187 டாலர் என்று கணக்கு எழுதினார்கள். 1871இல் கெல்லம் இறந்தார், அதே ஆண்டு நியூயார்க் டைம்ஸ் அந்தக் கணக்குகளை வெளியிட்டது, வேலையும் நின்றுபோனது. அரைகுறையாகக் கிடந்த உட்புறத்தில் எண்கோணக் கூடத்துக்குப் பலநிறச் செங்கலும் கண்ணாடிக் கூரையும் கொடுத்தவர் ஐட்லிட்ஸ். செங்கல் செங்கலாகவே தெரியட்டும் என்று விட்டார் பாருங்கள், அத்தனை கள்ளக்கணக்குக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் நான் நம்புகிற இடம் அதுதான்.

கல்லுளி:
திருடியது ட்வீட் கும்பல். கெல்லம் போட்ட கோட்டில் என்ன குற்றம்? கூடம் அழகு, சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் பேசுவது வெளிச்சுவரைப் பற்றி.

படிக்கட்டு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கல்லுளி, நீங்கள் ரசிக்கும் அந்தப் படிகள் கெல்லம் காலத்தவை அல்ல. தெருவை அகலப்படுத்த 1942இல் இடித்துவிட்டார்கள். 1999இல் தொடங்கிய புதுப்பிப்பில்தான் திரும்பக் கட்டினார்கள். 1970களில் கட்டடத்தையே இடிக்கவும் பேச்சு இருந்தது. இன்னொன்று, 1873இல் ட்வீட்டுக்குத் தண்டனை விதித்ததும் இதே கட்டடத்தில், வேலை முடியாத ஓர் அறையில்தான். அதனால் கெல்லம் பாதியையும் ஐட்லிட்ஸ் பாதியையும் பிரிக்காமல் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும்.

செங்கல்சூளை:
அந்த அறை விஷயத்தை நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

கல்லுளி:
படிகள் பற்றி எனக்குத் தெரியாது, நன்றி. திரும்பக் கட்டியவர்கள் கெல்லமின் வடிவத்துக்கே போனார்கள் இல்லையா, அந்த மரியாதையைத்தான் ஐட்லிட்ஸிடமும் கேட்கிறேன். பின்பக்கச் சுவர் விஷயத்தில் நான் மாறுவதாக இல்லை.