பெங்களூரு தமிழ் கேமர்ஸ்: 2025-ல விளையாடினதுல இன்னும் மண்டையைக் குடையுற ஒரே ஒரு இடம்

அல்சூர்_அடாவடி

டாப் டென் லிஸ்ட் வேணாம், அது யூட்யூப் பூரா கொட்டிக் கிடக்கு. ஒரு கேம், அதுல ஒரு இடம், அவ்வளவுதான். நானே ஆரம்பிக்கிறேன்.

எக்ஸ்பெடிஷன் 33, ஆளுக்கு ஒரு சுத்துன்னு மாறி மாறி அடிச்சுக்கிற கேம். கதையைப் பத்திப் பேசப் போறதில்ல, விருது மேல விருது வாங்கியாச்சு. எனக்கு நிக்கிறது அந்த ஓங்கின கை. எதிரி ஆயுதத்தைத் தூக்குவான், வருதுன்னு பட்டனைத் தட்டுவோம், அவன் தூக்கினதைத் தூக்கினபடியே வெச்சிருந்து நாம ஏமாந்தப்புறம் இறக்குவான். முதல் பகுதியான ஸ்ப்ரிங் மெடோஸ்லயே இந்த வேலை ஆரம்பிச்சிடும். கை தூக்குறதைப் பார்க்கவே கூடாது, இறங்க ஆரம்பிக்கிற கணத்தைத்தான் பார்க்கணும்.

புது எதிரின்னா எடுத்த எடுப்புல பாரி (வர்ற அடியைச் சரியான கணத்துல தட்டித் தடுக்குறது) வேணாம். முதல் ரெண்டு மூணு சுத்து டாட்ஜ் (விலகித் தப்பிக்கிறது) மட்டும் போடுங்க, அதுக்கு நேர அளவு தாராளம். திரையில 'பெர்ஃபெக்ட்'னு வந்துச்சுன்னா அதே நொடியில பாரி தட்டியிருந்தாலும் விழுந்திருக்கும்னு அர்த்தம். தொடர்ந்து ரெண்டு தடவை பெர்ஃபெக்ட் வந்தப்புறம் பாரிக்கு மாறுங்க. ஒவ்வொரு பாரிக்கும் ஒரு ஏபி (ஸ்கில் போடச் செலவாகிற புள்ளி) கிடைக்கும். அஞ்சு அடித் தொடர்ல நாலு பாரி பண்ணி ஒண்ணை விட்டாலும் எதிரடி கிடைக்காது, தொடர் முழுசா விழணும். திரை கருப்பு வெள்ளையாச்சுன்னா டாட்ஜும் உதவாது பாரியும் உதவாது, அதுக்குன்னே இருக்கிற கிரேடியன்ட் கவுன்டர் பட்டன் மட்டும்தான்.

இன்னொண்ணு. மைம் மாதிரி எதிரிகிட்ட மஞ்சள் பார் நிறைஞ்சும் எதுவும் நடக்கலையேன்னு முழிக்கிறாங்க. நிறைஞ்சா மட்டும் பிரேக் ஆகாது, அதாவது எதிரி நிலைகுலைய மாட்டான். விளக்கத்துல பிரேக் பண்ணும்னு எழுதியிருக்கிற ஸ்கில்லால ஒரு அடி கொடுக்கணும். நம்ம பக்கத்து ஆள் குஸ்தாவோட ஓவர்சார்ஜ் ஸ்கில் அதுக்குத்தான் இருக்கு. ஏபி பார்த்து கையிருப்புல வெச்சுக்கோங்க.

பட்டுநூல்_பைத்தியம்

பட்டனை நேரத்துக்குத் தட்டுறதெல்லாம் சண்டையா தலைவா, கும்மி மாதிரியில்ல இருக்கு.

சில்க்சாங்னா சில்க்சாங்தான், பூச்சி உலகத்துல குதிச்சு ஓடிச் சண்டை போடுற கேம். 2019-ல அறிவிச்சு, 2025 செப்டம்பர் 4 ராத்திரி வெளியானதும் ஆன்லைன் கேம் கடைகளே படுத்துடுச்சு. பிளாஸ்டட் ஸ்டெப்ஸ் பகுதியோட உச்சியில நிக்கிற லாஸ்ட் ஜட்ஜ்ங்கிற பாஸ் (பெரிய எதிரி) மட்டும் சொல்றேன். கொன்னாச்சுன்னு கன்ட்ரோலரைக் கீழ வைப்போம், செத்தவ வெடிப்பா. ரெண்டு மாஸ்க் (உயிர் அளவு) போயிடும். ஒத்த மாஸ்க்கோட ஜெயிச்சவங்க அங்கயே விழுந்து மறுபடி கீழ பெஞ்சுலேருந்து (செத்தா திரும்ப ஆரம்பிக்கிற இடம்) ஏறணும். கடைசி அடி விழுந்த உடனே அரீனா (சண்டைக் களம்) ஓரத்துக்கு ஓடிடுங்க. மேக்மா பெல்ங்கிற பொருள் இருந்தா மாட்டிக்கோங்க, நெருப்பு அடி ரெண்டு மாஸ்க்லேருந்து ஒண்ணாக் குறையும். ஃபோர்ஜ் டாட்டர்ங்கிற கொல்லர்கிட்ட செஞ்சுக்கலாம்.

ஆரம்பத்துல இருக்கிறது 5 மாஸ்க். பைண்ட் (காயத்தை நூலால கட்டுறது) போட்டா 3 திரும்பும், சில்க் (எதிரியை அடிச்சுச் சேர்க்கிற நூல்) 9-ம் காலி. பெரிய எதிரி ஒரு அடிக்கு 2 எடுப்பான். அதனால 1 அல்லது 2 மாஸ்க் வர்ற வரைக்கும் பைண்ட் போடாதீங்க, 3-ல போட்டா ஒரு மாஸ்க் வீண். அந்தரத்துலயும் போடலாம், தரையைவிடப் பல நேரம் அதுதான் பத்திரம். பாதியில அடி வாங்கினா சில்க்கும் போச்சு மாஸ்க்கும் போச்சு.

செத்த இடத்துல தொங்குற கூடு அரீனாவுக்குள்ளயே இருந்தா போனதும் உடைக்காதீங்க. உடைச்சா சில்க் நிரம்பும். சண்டை நடுவுல முடியாதப்போ உடைங்க, ஒரு பைண்ட் இலவசம்.

கணக்குப்பிள்ளை

பட்டுநூல் சொன்ன கணக்கு பாதிதான் சரி. ரெண்டு மாஸ்க் அடிக்கிறவன்கிட்ட ஒரே ஒரு பைண்ட்தான் கிடைக்கும்னு வைங்க. 3-ல போட்டா 5, அப்புறம் 3, 1, சாவு. 1-ல போட்டா 4, அப்புறம் 2, சாவு. ரெண்டு வழியிலயும் நாலாவது அடியில போய்ச் சேருவோம். ரெண்டு பைண்ட் கிடைச்சாத்தான் வித்தியாசமே. சீக்கிரம் போடுறவர் அஞ்சாவது அடியில போவார், காத்திருக்கிறவர் ஆறாவதுல. ஆனா 1 மாஸ்க்ல காத்திருக்கும்போது கை நடுங்கித் தப்பா குதிப்போம், அது எந்தக் கணக்குலயும் வராது. பாஸ் புதுசுன்னா 3-லயே போடுங்க, அசைவு மனப்பாடம் ஆனப்புறம் காத்திருங்க.

சில்க்சாங்ல ஹன்டர் க்ரெஸ்ட்டோட (ஆரம்பச் சண்டை பாணி) சாய்வான கீழ்க்குத்து பிடிக்காம கேமையே மூடி வெச்சவங்க நிறைய. போன் பாட்டம் ஊர்ல பெப்ங்கிற கடைக்காரர்கிட்ட 500 ரோசரிக்கு (கேம்ல காசு) சிம்பிள் கீ இருக்கு. அதை வெச்சு வாண்டரர் சேப்பல் திறந்தா நேர் கீழ்க்குத்து கிடைக்கும். 500 சேர்க்கிற வரைக்கும் கையிருப்பைச் சரமா மாத்திக்கோங்க. 80 கொடுத்தா 60 தான் சரத்துல இருக்கும், இருந்தாலும் செத்தா அது போகாது. கந்துவட்டிதான், வேற வழியில்ல.

என் கேம் சொல்லலையே. ஹேடீஸ் 2, கிரேக்கப் புராணத்தை வெச்சுப் பண்ணின சண்டை கேம். க்ரோனோஸ்ங்கிற பெரிய எதிரியோட சண்டை நடுவுல காலிங் பெல் அடிக்குதுன்னு கேமை நிறுத்தி வெச்சா, காலத்துக்கே கடவுளான அவன் அந்த நிறுத்தத்தையே எடுத்து விட்டுடுவான். சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள பாதி உயிர் காலி. அவன் அறைக்கு முன்னாடியே எழுந்து போக வேண்டிய வேலையை முடிச்சுடுங்க.

மாடிவீட்டு_மாறன்

அறை அறையா வீடு கட்டிப் புதிர் தீர்க்கிற ப்ளூ ப்ரின்ஸ் கேமை யாரும் சொல்லாதது ஆச்சரியம். அஞ்சுக்கு ஒன்பது கட்டம், நாளுக்கு நடக்க 50 அடி, ஒவ்வொரு கதவுக்கும் மூணு அறையில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். அடி, சாவி, ஜெம் எல்லாம் மிச்சம் பிடிச்சு ஒன்பதாவது வரிசையில ஆன்டிசேம்பர்ங்கிற அறை வாசலுக்குப் போய் நின்னா, கதவு மூடியிருக்கும். சாவித்துவாரமே கிடையாது. அந்தக் கதவு இன்னும் கண்ணுல நிக்குது.

அதைத் திறக்கிற நெம்புகோல் வேற வேற அறையில இருக்கு. க்ரேட் ஹால்ல பூட்டின கதவுகள்ல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. சீக்ரெட் கார்டன்ல ஒண்ணு, அதுக்குத் தனிச் சாவி தேடணும். க்ரீன்ஹவுஸ்ல இருக்கிறது உடைஞ்சு கிடக்கும், கைப்பிடியை வேற இடத்துலேருந்து கொண்டுபோய்ப் பொருத்தணும். மேல ஏறுறதுக்கு முன்னாடி இதுல ஒண்ணாவது திறந்திருக்கான்னு பாருங்க. பார்லர் அறையில வாசகம் எழுதின மூணு பெட்டிப் புதிர் வந்தா, ஒரு பெட்டியாவது முழு உண்மை, ஒண்ணாவது முழுப் பொய்ங்கிறதுலேருந்து பிடிங்க. மூணுமே உண்மையாகிற மாதிரி விடை வந்தா அது விடையே இல்ல. நோட்டும் பேனாவும் இல்லாம உட்காராதீங்க.

ஒரே குறை, ஒரு நாள் முடிஞ்சாத்தான் சேவ் ஆகும். ஏப்ரல், மே சாயங்காலம் நம்ம ஊர்ல மழை இறங்கி கரண்ட் போனா அன்னிக்குக் கட்டின வீடு மொத்தமும் அம்பேல். அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் கிளம்புறதுக்குள்ள கம்ப்யூட்டர் அணைஞ்சிருக்கும்.

வோல்ட்டேஜ்_வேலு

மாறன் ப்ரோ, இதுக்கு யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குற பேட்டரிப் பெட்டி) வாங்குங்க. எஸ்பி ரோட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல போய் நின்னா முதல்ல 600 விஏ எடுத்துக் கையில கொடுப்பாங்க, வாங்காதீங்க. விஏ-ங்கிறது வாட் இல்ல. 600 விஏ பெட்டியில பெரும்பாலும் 360 வாட்தான் இருக்கும். நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மெஷின் கேம் ஓடும்போது 350, 400 வாட் இழுக்கும், மானிட்டர் தனியா 30. கரண்ட் போன நொடியில பீப்னு கத்திட்டு யூபிஎஸ்ஸும் சேர்ந்து அணையும். 1000 அல்லது 1100 விஏ எடுங்க, பெட்டியில 600 வாட்னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க.

அடுத்தது அலை. மலிவு யூபிஎஸ், பழைய இன்வெர்ட்டர் எல்லாம் சதுர அலை தர்றது. ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீரா இழுக்க வைக்கிற சர்க்யூட்) இருக்கிற பவர் சப்ளை சிலது அதுல தடுமாறி ரீஸ்டார்ட் ஆகும். வாட் போதுமானதா இருந்தும் அணையுதேன்னு குழம்பினா காரணம் இதுவா இருக்கலாம். பட்ஜெட் இடம் கொடுத்தா ப்யூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் மாதிரி வளைஞ்ச அலை) எடுங்க. உள்ள இருக்கிற 12 வோல்ட் பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல தளர்ந்துடும். மாசத்துக்கு ஒருதரம் சும்மா டெஸ்க்டாப் திரையில இருக்கும்போது ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்க, எத்தனை நிமிஷம் நிக்குதுன்னு தெரியும். கேம் நடுவுல சோதிக்காதீங்க.

கரண்ட் போனதும் தொடர்ந்து ஆடவும் வேணாம். ஃபிரேம் ரேட்டை 30-க்கு இறக்கினா இழுக்கிற வாட் நல்லாக் குறையும். ப்ளூ ப்ரின்ஸ்ல ஓடிப் பிடிக்க ஒண்ணுமில்ல, 30 தாராளம். 'கால் இட் எ டே' போட்டு நாளை முடிச்சுட்டு அணைங்க. லேப்டாப்காரங்களுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது.

கேம் எதுன்னு கேட்டா நானும் எக்ஸ்பெடிஷன் 33-தான்.

ஜே_பி_நகர்_அக்கா

அல்சூர் தம்பிக்கு ஒரு சேர்க்கை. பாரி விழலைன்னு சொல்றவங்க பாதிப் பேர் ப்ளூடூத் ஹெட்செட்ல ஆடுறாங்க. சாதாரண ப்ளூடூத்ல சத்தம் 150, 200 மில்லிசெகண்ட் பின்தங்கும். 60 ஃபிரேம்ல ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட், அப்போ சத்தம் 9 முதல் 12 ஃபிரேம் வரைக்கும் தாமதம். காதை நம்பித் தட்டினா எப்படி விழும்? வயர், இல்லைன்னா டாங்கிள் (யூஎஸ்பி-ல சொருகுற சின்னப் பொருள்) வெச்ச 2.4 கிகாஹெர்ட்ஸ். டிவியில ஆடினா கேம் மோட் (படம் தாமதமாகிறதைக் குறைக்கிற செட்டிங்) ஆன் பண்ணுங்க. பிஜி ஹால் டிவியில அது பெரும்பாலும் ஆஃப்லதான் கிடக்கும், அதுவும் எந்த ஹெச்டிஎம்ஐ-ல சொருகியிருக்கோ அந்த இன்புட்டுக்குத் தனியா போடணும்.

என்னோடது ரெண்டு பேர் சேர்ந்து ஆடுற ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன். கடைசி லெவல்ல திரையைப் பிரிக்கிற கோடே நகர ஆரம்பிக்கும், எந்தப் பாதி யாருதுன்னு தெரியாது. அதுக்கு மேல சொன்னா பாவம். ரெண்டு காப்பி வாங்காதீங்க. ஒருத்தர் வாங்கி, இன்னொருத்தர் இலவச ஃப்ரெண்ட்ஸ் பாஸ் இறக்கினாப் போதும், பிசியும் பிஎஸ்5-ம் சேர்ந்து ஆடலாம்.

மாடிவீட்டு_மாறன்

வேலு ப்ரோ, நன்றி. பிஎஸ்5-ம் 43 இன்ச் டிவியும்தான்னா 600 விஏ போதுமா?

வோல்ட்டேஜ்_வேலு

பிஎஸ்5 ஒரு 200 வாட், டிவி 100-ஐத் தாண்டாது. 360-க்குள்ள அடங்கிடும், ஆனா இடைவெளி கம்மி. ரவுட்டரைச் சேர்த்துக்கலாம், சவுண்ட்பாரைச் சுவத்துலயே விட்டுடுங்க.