புதுப்பிப்பு: கருப்பன் இப்போது மாத்திரையைத் துப்புவதில்லை

உண்ணிக் காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளின் மாத்திரையை எங்கள் நாய் கருப்பன் நாக்கால் ஒதுக்கித் துப்பிவிடுகிறான் என்று சென்ற வாரம் எழுதி, வழி கேட்டிருந்தேன். தயிரில் பிசைந்த கேழ்வரகுக் களி உருண்டைக்குள் வைக்குமாறு பலரும் சொன்னீர்கள். தருமபுரிப் பக்கம் களி கிண்டாத வீடு ஏது? ஆனால் கால்நடை மருத்துவர் தடுத்துவிட்டார். தயிரிலும் கேழ்வரகிலும் மிகுந்துள்ள கால்சியம் இந்த மருந்தோடு பிணைந்து, அது உடலில் சேரும் அளவைக் குறைத்துவிடும் என்றார்.

ஆகவே கோழி ஈரலை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, தோலுரித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு மசித்து, நெல்லிக்காய் அளவில் உருட்டுகிறேன். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால், குழம்பில் கிடக்கும் ஈரலை ஒருபோதும் எடுக்காதீர்கள். முதலில் வெறும் உருண்டை, அடுத்து மாத்திரை வைத்தது. அதை அவன் மென்று பார்ப்பதற்குள் மூன்றாவதை மூக்கருகே நீட்டிவிட வேண்டும். அந்த அவசரத்தில் இரண்டாவதை அப்படியே விழுங்கிவிடுகிறான். இம்மருந்து உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கக்கூடும் என்பதால், ஈரல் வெந்த நீரையும் ஆறவைத்துக் குடிக்கக் கொடுக்கிறேன்.

ஐந்து நாள்களாக ஒரு மாத்திரைகூடத் தரையில் கிடக்கவில்லை. நேற்று மாலை, பல நாள்களுக்குப் பிறகு, வாசல்வரை ஓடிவந்து என் கையை நக்கினான். மருத்துவர் சொன்ன 28 நாள்களும் முடியும்வரை நிறுத்தமாட்டேன்.