டெலேனியின் கால் நுனி: ஆஃப்சைடுக்கு வீடியோ தேவையா?

வலதுவிங்கர்:
2024 யூரோ, டார்ட்முண்ட், ஜெர்மனி–டென்மார்க் ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு ஆண்டர்சன் கோல் அடித்துவிட்டார். டென்மார்க் ரசிகர்கள் ஆடித் தீர்த்த பிறகு திரையில் ஒரு படம் வந்தது: இன்னொரு டென்மார்க் வீரர் டெலேனியின் பூட் நுனி ஆஃப்சைடு கோட்டைத் தாண்டியிருக்கிறதாம், கோல் இல்லை. (சக வீரர் பந்தை அடிக்கும் கணத்தில், கோல்கீப்பரை விட்டால் கடைசியாக நிற்கும் எதிரணி டிஃபெண்டரைத் தாண்டி முன்னால் இருந்தால் ஆஃப்சைடு.) அடுத்த சில நிமிடங்களில் அதே ஆண்டர்சன் கையில் பந்து பட்டதாக வீடியோ பார்த்து ஜெர்மனிக்குப் பெனால்ட்டி கொடுத்தார்கள். 0-1 ஆகியிருக்க வேண்டியது 1-0 ஆனது. கடைசியில் 2-0. டென்மார்க் கோச் யுல்மண்ட் பேட்டியில் அந்தப் படத்தைப் போனில் காட்டி, ஒரு சென்டிமீட்டருக்காகவா என்று கேட்டார். நானும் அதையே கேட்கிறேன். ஆஃப்சைடு விதி வந்தது கோல் வாசலில் பழியாய்க் கிடப்பவர்களைத் தடுக்க. கால் நகத்தை அளக்க வந்ததில்லை.

கொடிபிடித்தவன்:
தம்பி, மாவட்ட லீக்கில் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பந்தை அடிப்பவர் ஒரு மூலையில் இருப்பார், ஃபார்வர்டும் டிஃபெண்டரும் முப்பது நாற்பது மீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் ஒரே கணத்தில் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. பந்தை அடித்த சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு கோட்டைப் பார்ப்போம். பெரிய ஸ்டேடியத்தில் அந்தச் சத்தமும் கேட்காது. கண்ணைத் திருப்பும் அந்த நொடியின் சின்னத் துண்டுக்குள் ஃபார்வர்ட் முன்னால் போயிருப்பார். அதனால் சரியான கோல்களை நாங்கள் அழித்திருக்கிறோம், தப்பான கோல்களுக்கும் தலையாட்டியிருக்கிறோம்.

2004இல் ஓல்டு டிராஃபோர்டில் போர்ட்டோவுக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட்டின் ஸ்கோல்ஸ் அடித்த இரண்டாவது கோலை நினைத்துப் பாருங்கள். கொடியைத் தூக்கிவிட்டார்கள். ரீப்ளேயில் பார்த்தால் அது ஆஃப்சைடே இல்லை. கடைசி நிமிடத்தில் காஸ்டின்யா அடிக்க, யுனைடெட் வெளியே போனது, போர்ட்டோ சாம்பியன்ஸ் லீக்கையே வென்றது. போர்ட்டோ கோச் மொரின்யோவின் வாழ்க்கை அங்கிருந்துதான் மேலே போனது. அதற்கெல்லாம் ஒரு கொடிதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த லைன்ஸ்மேனுக்கு ஒரு ரீப்ளே கிடைத்திருந்தால் போதும்.

நடுக்களம்:
2010 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு எதிராக அர்ஜென்டினாவின் டெவெஸ் தலையால் அடித்ததை விட்டுவிட்டீர்களே அண்ணே. எவ்வளவோ முன்னால் நின்றார். ஸ்டேடியத் திரையிலேயே ரீப்ளே ஓடியது, எல்லோரும் பார்த்தார்கள், ரெஃப்ரியும் லைன்ஸ்மேனும் கூடிக்கூடிப் பேசினார்கள். வீடியோவைக் கணக்கில் எடுக்க விதியில் இடமில்லை, கோல் கோல்தான். அந்தக் கூத்து திரும்ப வர வேண்டும் என்று யாருமே கேட்கவில்லை. டெவெஸ் மாதிரி அப்பட்டமானதைப் பிடிக்கத்தான் வீடியோ. டெலேனியைப் பிடிக்க இல்லை.

கொடிபிடித்தவன்:
அந்த எல்லையை யார் போடுவது? டெவெஸ் ஆஃப்சைடு, டெலேனி இல்லை என்றால் நடுவில் எங்கே நிற்கும்?

வலதுவிங்கர்:
எங்கே நிற்கும் என்று இயந்திரத்தால்கூடச் சொல்ல முடியவில்லையே, அதுதான் என் வாதம். 2019இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் வீடியோ நடுவர் வந்த முதல் வாரமே வெஸ்ட் ஹாமுக்கு எதிராக மான்செஸ்டர் சிட்டி அடித்த ஒரு கோல் போனது. ஸ்டெர்லிங்கின் தோள் 2.4 சென்டிமீட்டர் முன்னால் என்றார்கள். சரி, அளந்த கேமரா எப்படிப்பட்டது? வினாடிக்கு 50 படம். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 0.02 வினாடி. வினாடிக்கு 8 மீட்டர் ஓடும் ஆள் அதற்குள் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். டிஃபெண்டர் எதிர்த்திசையில் ஓடினால் இடைவெளி இன்னும் கூடும். பந்து காலை விட்டுப் போன கணம் இந்தப் படமா அடுத்த படமா என்று ஒரு மனிதர் தேர்ந்தெடுக்கிறார். 16 சென்டிமீட்டர் தடுமாற்றம் உள்ள அளவுகோலில் 2.4 என்று தசமம் போட்டுச் சொல்வது துல்லியம் இல்லை, துல்லியம் போன்ற வேஷம்.

கொடிபிடித்தவன்:
2019க்கு அது நியாயமான கேள்வி. 2022 கத்தாரில் அந்தக் குறை பெருமளவு சரியாகிவிட்டதே. கூரைக்கடியில் 12 கேமரா, ஒவ்வொரு வீரர் உடலிலும் 29 புள்ளிகளை வினாடிக்கு 50 முறை பின்தொடர்ந்தார்கள். பந்துக்குள் இருந்த சென்சார் வினாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. பந்து காலை விட்ட கணத்தை இனி யாரும் கண்ணால் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுப்பதில்லை.

அதனால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வீழ்த்திய ஆட்டத்தில் அவர்கள் டிஃபென்ஸ் கோட்டை நடுக்கோட்டுக்குப் பக்கமாக ஏற்றி வைத்துத் துணிந்து ஆடினார்கள். முதல் பாதியில் அர்ஜென்டினா பந்தை வலைக்குள் போட்டு மூன்று முறை ஆஃப்சைடு. அதில் லாட்டாரோ மார்ட்டினெஸ் அடித்த ஒன்றை வீடியோதான் திருப்பி எடுத்தது. பழைய காலமாக இருந்தால் அது 2-0. சந்தேகம் வரும்போது பெரிய அணிக்குச் சாதகமாகவே கொடி கீழே இருக்கும் என்பது சின்ன அணிகளுக்கு ஆடியவர்களுக்குத் தெரியும்.

வலதுவிங்கர்:
500 முறை பந்துக்கு. உடலுக்கு நீங்களே சொன்ன மாதிரி 50 முறைதான். இடையில் உள்ளதைக் கணினி ஊகித்து நிரப்புகிறது. பூட் நுனி எங்கே முடிகிறது என்பதும் அந்த 29 புள்ளிகளை வைத்துக் கட்டிய உருவம். டிவியில் வரும் அந்த வழவழப்பான பொம்மைப் படம் போட்டோ இல்லை என்பதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?

சேப்பாக்கம்ரசிகன்:
கிரிக்கெட்காரன் நடுவில் வரலாமா? டிஆர்எஸ்ஸில் எல்பிடபிள்யூ கேட்டால், பந்து ஸ்டம்பை ஓரமாகத்தான் உரசும் என்று கணினி காட்டும்போது களத்தில் அம்பயர் சொன்னதே நிற்கும். கணிப்பில் தடுமாற்றம் உண்டு என்று விதியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கால்பந்தில் மட்டும் ஏன் இந்த வீறாப்பு?

நடுக்களம்:
இருக்கிறது சார், பிரீமியர் லீக்கில் 5 சென்டிமீட்டர் சலுகை உண்டு. 2025 ஏப்ரலில் அரைத் தானியங்கி முறைக்கு, அதாவது கேமராவும் கணினியும் சேர்ந்து கோடு போடும் முறைக்கு, மாறியபோதும் அதை விடவில்லை. ஃபிஃபாவும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவும்தான் கொடுப்பதில்லை. டெலேனி அன்று இங்கிலாந்து விதியில் ஆடியிருந்தால் அது கோல்.

எனக்கு அளவைவிட நேரம்தான் எரிச்சல். 2025 மார்ச்சில் எஃப்ஏ கோப்பையில் போர்ன்மவுத்–வுல்வ்ஸ் ஆட்டம், கெர்கெஸ் கோலை எட்டு நிமிடம் சோதித்தார்கள். குளிரில் உட்கார்ந்து என்ன சோதிக்கிறார்கள் என்றே தெரியாமல் எட்டு நிமிடம்! வீட்டில் டிவி பார்ப்பவனுக்காவது கோடு காட்டுகிறார்கள். ஸ்வீடனில் கிளப்புகளில் பெரும்பான்மை ஓட்டு ரசிகர் உறுப்பினர்கள் கையில் இருக்கிறது. 2024இல் அவர்கள் வீடியோ நடுவரே வேண்டாம் என்று முடிவெடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

கொடிபிடித்தவன்:
அதே 2024இல் வுல்வ்ஸ் கிளப் பிரீமியர் லீக்கில் இதை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தது. 19-1 என்று தோற்றது. ஓட்டுப் போட்டவர்கள் கிளப் முதலாளிகள், ரசிகர்கள் இல்லை என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வலதுவிங்கர்:
:) சொல்லத்தான் வந்தேன். அப்புறம் இன்னொன்று. வீடியோ இருக்கிறது என்பதற்காக லைன்ஸ்மேன்கள் கொடியைத் தாமதமாகத் தூக்குகிறார்கள். 2025 மே மாதம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்–லெஸ்டர் ஆட்டத்தில் எலாங்கா தெளிவாக ஆஃப்சைடு, ஆனாலும் ஆட்டம் ஓடியது. அந்தப் பந்துக்காகப் பாய்ந்த அவோனியி கோல் கம்பத்தில் மோதி, வயிற்றில் அறுவை சிகிச்சை, செயற்கைக் கோமா. உடனே கொடி தூக்கியிருந்தால் அந்த ஓட்டமே இல்லை.

கொடிபிடித்தவன்:
அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அது கேமராவின் குற்றமில்லை, கொடுத்த உத்தரவின் குற்றம். வெட்டவெளிச்சமான ஆஃப்சைடுக்கு உடனே தூக்கு, சந்தேகமானதற்கு மட்டும் பொறு என்பதுதான் ஏற்பாடு. ஆனால் மேலே ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று தெரிந்தால் கை தானாகவே கீழேயே நிற்கும். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

சேப்பாக்கம்ரசிகன்:
முன்னாள் ஆர்சனல் கோச் வெங்கர் சொல்லும் யோசனை என்னாச்சு? ஃபார்வர்ட் உடலுக்கும் டிஃபெண்டருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால்தான் ஆஃப்சைடு என்பது.

கொடிபிடித்தவன்:
கோடு இடம் மாறும், சண்டை மாறாது. இப்போது கால் நுனியை அளக்கிறோம், அப்போது குதிகாலை அளப்போம். கூடவே ஃபார்வர்டுக்கு ஒரு உடல் நீளம் இலவசம். எந்தக் கோச்சும் அப்புறம் டிஃபென்ஸை மேலே ஏற்ற மாட்டார். எல்லோரும் பெனால்ட்டி பாக்ஸுக்குள் குடியிருப்பார்கள்.

வலதுவிங்கர்:
வெங்கர் யோசனை எனக்கும் அதிகப்படிதான். 1990இல் விதியை மாற்றியபோது, சமமாக நின்றால் ஆன்சைடு என்றார்கள். அதுவரை சமமாக நின்றாலே ஆஃப்சைடு. கோல் கூட வேண்டும் என்றுதான் அந்த மாற்றம். சென்டிமீட்டர் கணக்கில் பார்த்தால் சமம் என்ற ஒன்றே கிடையாது, எப்போதும் யாராவது ஒருவர் முன்னால் இருப்பார். விதி ஃபார்வர்டுக்குக் கொடுத்ததைக் கேமரா சத்தமில்லாமல் பிடுங்கிவிட்டது. எல்லா இடத்திலும் அந்த 5 சென்டிமீட்டரைக் கொடுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கொடிபிடித்தவன்:
ஐந்தரை என்று வந்தால்?

வலதுவிங்கர்:
ஆஃப்சைடு. ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

நடுக்களம்:
இந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன். உங்கள் அணிக்கு நடக்கட்டும் பார்க்கலாம்.