ஆவி பறக்கும் குளம், 17 டிகிரி தண்ணீர்: குளிர்கால ரிசார்ட் குளங்கள், அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கரையோரம்:
காலை ஆறே முக்கால் இருக்கும். குளத்து மேல ஒரு முழ உயரத்துக்கு ஆவி. விளம்பரத்துல "வெந்நீர்க் குளம்"னு போட்டிருந்தது வேற. ஆவியைப் பார்த்த ஒரு விருந்தினர் டெக்ல ஓடிவந்து தலைகீழா டைவ் அடிச்சார். மேலே வந்தப்போ இருந்த அந்த முகம்தான் இன்னும் கண்ணை விட்டுப் போகலை. வாய் திறந்திருக்கு, சத்தம் வரலை. படிக்கட்டுக்கு நாலே கைவீச்சுத் தூரம், அதுக்குள்ள ரெண்டு தடவை தண்ணி குடிச்சுட்டார். கயிறு கட்டின தெர்மாமீட்டரை இறக்கிப் பார்த்தா 17 டிகிரி.

ஆவி பறந்தா தண்ணி சூடுன்னு அர்த்தமே கிடையாது. தண்ணியை விடக் காத்து ரொம்பக் குளிர்ந்திருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அன்னிக்குக் காத்து 6 டிகிரி. குளத்துலேருந்து கிளம்புற ஈரம் அந்தக் குளிர்ல பட்டு உடனே துளியாகிப் புகையா நிக்குது. 17 டிகிரி தண்ணியும் புகையும், 30 டிகிரி தண்ணியும் புகையும்.

இதுல இன்னொரு ஏமாத்து: முந்தின நாள் மத்தியானம் வெயில் 25 டிகிரி. சட்டையைக் கழட்டிட்டு உட்காரலாம் போல இருந்தது. அதுக்கு முந்தின மூணு ராத்திரியும் வானம் தெளிவு, வறண்ட காத்து. குளம் இன்னிக்கு வெயிலைக் காட்டாது, போன மூணு ராத்திரியைத்தான் காட்டும். மிதமான ஊர்களோட குளிர்காலத்துல இது ஏன் இவ்வளவு பேரைக் கவுக்குதுன்னா, பகல்ல குளிர்காலம்னே தோணாது.

பம்ப் ரூம்:
கரையோரம் சொன்ன குளத்துல போர்டு என்ன காட்டியதுன்னு எழுதலையே? பந்தயம் கட்டலாம், 28 காட்டியிருக்கும். இதே கதை இன்னொரு ரிசார்ட்டில்: ஹீட்டர் திரையில் 28, வரவேற்பில் சாக்பீஸால் 28, தண்ணீர் 19. திரையில் ஒளிர்ந்தது செட் பண்ணிய அளவு. அதாவது ஆசைப்பட்ட டிகிரி, இருக்கும் டிகிரி இல்லை. சில ஹீட்டர்களில் உண்மையான அளவும் தெரியும். ஆனால் அந்த சென்சார் இருப்பது குளத்தில் இல்லை, ஹீட்டருக்குள் நுழையும் குழாயில். ராத்திரி டைமர் பம்பை நிறுத்திவிட்டால் குழாயில் தேங்கிய தண்ணீர் பம்ப் ரூம் சூட்டுக்கு வந்துவிடும், அதையே காட்டிக்கொண்டிருக்கும். பம்ப் ஒரு கால் மணி நேரமாவது ஓடிய பிறகு பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

ஏன் சூடு நிற்பதில்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 100 சதுர மீட்டர் பரப்பு, சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 1,50,000 லிட்டர். அதை ஒரே ஒரு டிகிரி ஏற்ற சுமார் 174 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். 30 கிலோவாட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் இருந்தால், எதுவும் வீணாகாமல் போனாலும் டிகிரிக்கு ஆறு மணி நேரம். 17லிருந்து 28க்கு ஏற்ற 64 மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை விருந்தாளி வந்ததும் சுவிட்சைப் போட்டால், அவர் பெட்டி கட்டும்போது குளம் இதமாக இருக்கும்.

இழப்பைப் பாருங்கள். கவர் போடாத குளத்தில், வறண்ட காற்று வீசும் ஒரு ராத்திரியில் 5 மி.மீ. தண்ணீர் ஆவியானதாக வைத்துக்கொள்வோம். 500 லிட்டர். ஒரு லிட்டர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 0.68 யூனிட் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். மொத்தம் 340 யூனிட், அதாவது 2 டிகிரி காலி. தெளிந்த வானத்துக்குக் கதிராகப் போகும் வெப்பம் தனி. மேகமூட்டமும் காற்றில்லாத ஈரப்பதமும் இருந்தால் இதே குளம் அரை டிகிரிகூட இறங்காமல் தப்பிக்கலாம். அதனால்தான் மிதமான ஊர்க் குளம் நேற்று 24, இன்று 21, நாளை மறுபடி 23 என்று ஆடும்.

ஹீட் பம்புக்கு இன்னொரு சோதனை. அது காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் கருவி. காற்று குளிரக் குளிர அதன் உற்பத்தி இறங்கும். 5, 6 டிகிரி ஈரக் காற்றில் அதன் குழாய்ச்சுருள் மேல் உறைபனி படியும், அதைக் கரைக்க நடுநடுவே வேலையை நிறுத்திக்கொள்ளும். அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைவாகத் தரும் சாமான். அதை ராத்திரி ஓட்டாமல் பகல் சூட்டில் ஓட்டி, சாயங்காலம் கவரை இழுத்து மூடுவதே சரி. ஓரத்தில் தண்ணீர் வழிந்து மறையும் குளம், செயற்கை அருவி, நீரூற்று இருந்தால் ராத்திரி அதை நிறுத்தியே ஆக வேண்டும். மெல்லிய படலமாக வழியும் தண்ணீர் குளிர்ப்பதன எந்திரம் மாதிரி வேலை செய்யும். படம் எடுக்க அழகு, சூட்டுக்கு எமன்.

சும்மா குதி:
இவ்ளோ கணக்கு எதுக்குப்பா? மெல்ல மெல்ல இறங்கினாத்தான் குளிர் ஏறும். கண்ணை மூடிக்கிட்டு குதி, பத்து எண்றதுக்குள்ள சரியாயிடும். 17 எல்லாம் ஒரு குளிரா. பழகினவங்க அதுக்குக் கீழயும் நீந்துறாங்க.

நாலாவது லேன்:
"பழகினவங்க" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது, நண்பரே. ரிசார்ட்டுக்கு வருபவர் பழகினவர் இல்லை. கரையோரம் பார்த்த அந்தத் திறந்த வாய்க்குக் குளிர் அதிர்ச்சி என்று பெயர். தோல் திடீரெனக் குளிர்ந்ததும் ஒரு பெரிய மூச்சு தானாக உள்ளே இழுக்கும். நாம் இழுப்பதில்லை, உடம்பு இழுக்கிறது. அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்று இல்லை. தொடர்ந்து மூச்சு இரைக்கும், இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். 25 டிகிரிக்குக் கீழேயே இது தலைகாட்டும், 10 முதல் 15க்குள் உச்சத்துக்குப் போகும். பத்து எண்ணுவதற்குள் அடங்காது. முதல் அரை நிமிடம்தான் மோசம், முழுக்கத் தணிய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். போட்டிக் குளங்களுக்கு உலக நீச்சல் கூட்டமைப்பு வைத்திருக்கும் வரம்பு 25 முதல் 28 டிகிரி. 17 எங்கே இருக்கிறது, நீங்களே பாருங்கள்.

இறங்கும் முறை: படிக்கட்டில் உட்கார்ந்து கை, முகம், பின்கழுத்தை நனையுங்கள். இடுப்பளவில் நின்று மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பதில் கவனம் வேண்டாம், அது தானாக நடக்கும். தோள்வரை அமிழ்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு அறுபடாமல் பேச முடிந்தால் கிளம்பலாம். அதுவும் சுவரோரமாக, நடுக்குளத்தில் இல்லை.

காதை யாரும் நினைப்பதில்லை. குளிர்ந்த தண்ணீர் ஒரு காதில் மட்டும் புகுந்தால் சமநிலை உறுப்பு குழம்பித் தலை சுற்றும், எது மேல் எது கீழ் என்றே புரியாது. சிலிக்கான் தொப்பியைக் காதுக்கு மேல் இழுத்துவிடுங்கள், அல்லது காதடைப்பான் போடுங்கள். 2 மி.மீ. நியோப்ரீன் (நுரை ரப்பர்) அரைக்கை உடை இருந்தால் நேரம் நீளும்.

எப்போது வெளியேறுவது? கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றாலோ, நீந்தும்போது விரல்கள் விரிந்தே நின்றாலோ, அந்தச் சுற்றோடு முடிந்தது. நடுக்கம் வரட்டும் என்று காத்திருப்பது தாமதம். வெளியே வந்த பிறகும் கால் மணி, அரை மணி நேரம்வரை உள்உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகும். ஆகவே நேரே கொதிக்கும் ஷவருக்கு ஓடக் கூடாது. துவட்டு, மேல்பாதிக்கு முதலில் உலர்ந்த துணி, தலைக்குத் தொப்பி, உட்கார்ந்து சூடாக ஏதாவது குடி.

இன்னொன்று. குளிரை மறக்க வேகமாக மூச்சு வாங்கிவிட்டுத் தண்ணீருக்கடியில் ஒரே மூச்சில் ஒரு லேன் போகிறவர்கள் உண்டு. அது சூடான குளத்திலேயே ஆளைக் கொல்லும். வேகமூச்சு கரியமில வாயுவை வெளியேற்றிவிடுவதால் "மூச்சு எடு" என்ற எச்சரிக்கை வருவதற்கு முன்பே நினைவு போய்விடும்.

இரட்டையர் அம்மா:
குழந்தைக் குளம் பற்றி யாருமே பேசலை. பெரிய குளம் 19, பக்கத்துல குழந்தைக் குளம் காலைல 11. நீலமாப் போன உதட்டோட ஒரு குழந்தை "இன்னும் கொஞ்ச நேரம்"னு கெஞ்சினதுதான் மனசுல நிக்குது.

பம்ப் ரூம் அண்ணா கணக்கையே இதுக்குப் போட்டா புரியும். ஒன்றரை மீட்டர் ஆழத்துல 1 மி.மீ. ஆவியானா 0.4 டிகிரி குறையுது. 30 செ.மீ. ஆழத்துல அதே 1 மி.மீ. 2 டிகிரியைப் பறிச்சுடும். அதனால ராத்திரி அது பெரிய குளத்தை விட ரொம்பக் கீழ போகும். அதே காரணத்தால மத்தியானம் ரெண்டு, மூணு மணிக்கு வெயில் நேரா விழுந்தா பெரிய குளத்தைத் தாண்டியும் சூடாகும். சின்னவங்களுக்கு அதுதான் நேரம். ஆனா குளிர்காலத்துச் சூரியன் தாழ்ந்து போறதால, கோடையில வெயில் விழுந்த குளம் இப்போ கட்டட நிழல்ல கிடக்கலாம். நிழல் எப்போ விலகுதுன்னு முதல் நாளே பார்த்து வெச்சுக்கணும்.

குழந்தைங்க உடம்பு எடைக்குத் தோல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் போயிடும். கைக்குழந்தைன்னா 32 டிகிரிக்குப் பக்கத்துல இருந்தாத்தான் இறக்கணும். பெரிய பிள்ளைகளுக்கு 25க்குக் கீழ பத்து நிமிஷம், வெளியே எடு, துடை, பாரு. நடுங்கிட்டு இருந்த பிள்ளை தண்ணிக்குள்ளேயே நடுக்கத்தை நிறுத்திட்டு மந்தமா ஆனா அது பழக்கமாயிடுச்சுன்னு நினைக்காதீங்க, ஆபத்து முத்துதுன்னு அர்த்தம். ரெண்டு துண்டு கொண்டு போங்க, ஒண்ணு துவட்ட, ஒண்ணு போர்த்த. ஈர உடுப்போட காத்துல நிக்க விடாதீங்க, ஈரம் உலர உலர இன்னும் விறைக்கும். கால்ல செருப்பு இருக்கட்டும், டெக் கல்லு ஐஸ் மாதிரி இருக்கும், பனி ஈரத்துல வழுக்கவும் செய்யும்.

யாரும் கேக்கலைதான், இருந்தாலும் சொல்றேன். அறை பதியும்போது "குளம் சூடா இருக்குமா"ன்னு கேக்காதீங்க, "இருக்கும்"னுதான் பதில் வரும். இன்னிக்குக் காலைல தண்ணி எத்தனை டிகிரி, எதை வெச்சு அளந்தீங்க, ராத்திரி கவர் போடுறீங்களா, ஹீட்டர் எந்த நாள்லேருந்து ஓடுது, எத்தனை குளத்துக்கு ஹீட்டர் இருக்குன்னு கேளுங்க. நாலு குளம் இருக்கிற இடத்துல சூடு ஒண்ணுக்குத்தான் இருக்கும், அது பெரியவங்களுக்கு மட்டும்னு அங்க போய்த்தான் தெரியும்.

விசில்:
முதல் பதிவிலேயே ஒன்று விட்டுப்போய்விட்டது. ஆவி மூடிய குளத்தில் அடித்தளம் தெரியவில்லை என்றால் தண்ணீர் 30 டிகிரியாக இருந்தாலும் இறங்கக் கூடாது. கரையில் நின்று பார்த்தால் ஆழமான பக்கத்தில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் அடியில் ஒருவர் கிடந்தாலும் தெரியாது. ஆள் வராத பருவம் என்று பல இடங்களில் லைஃப்கார்ட் நேரத்தையும் குறைத்துவிடுவார்கள்.

அடுத்தது வெந்நீர்த் தொட்டி. குளிர்ந்த குளத்திலிருந்து நேரே அதற்குள் பாய்ந்தவர் எழுந்து நின்ற நொடியில் சரிந்த காட்சி வழக்கமானது. சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்துவிடும், சட்டென எழுந்தால் மூளைக்கு ரத்தம் எட்டாது. 40 டிகிரிதான் உச்சம், பதினைந்து நிமிடம் போதும், எழுவதற்கு முன் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார வேண்டும். மது குடித்தவர்கள் வேண்டாம். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

குளிர்காலத்தில் எல்லோரும் அந்தச் சின்னத் தொட்டியில்தான் அடைவார்கள். சூட்டில் குளோரின் வேகமாகத் தீரும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இத்தகைய தொட்டிகளுக்குக் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு) குளோரின் சொல்கிறது. குளோரின் சோதனைப் பட்டை ஒரு பாக்கெட் பையில் இருந்தால் அரை நிமிட வேலை. மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் குளோரின் நிறைய இருக்கிறது என்று நம்ப வேண்டாம். அது வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து செலவான குளோரினின் வாடை.

பம்ப் ரூம்:
விசில் சொன்னதோடு ஒரு ஒட்டு. உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் குளங்களில் தண்ணீர் குளிர்ந்துவிட்டால் பல கருவிகள் தாமாகவே உற்பத்தியைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். குளிரில் பாசி வளராததால் தண்ணீர் கண்ணாடி போலவே இருக்கும், ஆனால் குளோரின் இல்லாததால் சோதனைப் பட்டையில் நிறமே மாறாது. அப்படிப்பட்ட குளத்துக்குக் கையால்தான் குளோரின் போட வேண்டும்.

சும்மா குதி:
சரி சரி, குதிக்கலை. தெர்மாமீட்டரை எங்க விடணும்? மேல் தண்ணியிலயா?

கரையோரம்:
மேல் தண்ணி வெயில்ல பொய் சொல்லும். முழங்கை வரைக்குமான ஆழம், சூடு தண்ணி வர்ற துளைக்குப் பக்கத்துல வேண்டாம், ரெண்டு நிமிஷம் விடுங்க. முள்ளைத் தண்ணிக்குள்ள இருக்கும்போதே படிங்க. வெளியே எடுத்துட்டுப் படிச்சா ஈரம் காத்துல உலர்ந்து, இருக்கிறதை விடக் குறைச்சுக் காட்டும்.